பேர் சொல்லிச் செய்த ஜெபம்

தேவாலயத்தின் மேற்கு வாசலை ஒட்டிய அறிவிப்புப் பலகையில், பெண்கள் ஐக்கிய சங்கத்தின் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபப் பட்டியல் ஜனவரியில் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. இருபத்தாறு வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் வருஷத்தில் இரண்டு முறை. சாவோ கல்யாணமோ குறுக்கே வந்தால் அடுத்த வீட்டோடு முறையை மாற்றிக்கொள்வார்களே தவிர, யாரும் பட்டியலில் கை வைத்ததில்லை. அக்டோபர் மூன்றாம் வெள்ளிக்கு நேராக எப்சிபா தன் கையாலேயே எழுதியிருந்தாள்: தயாவதி இல்லம், மாலை ஐந்து மணி.

ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஐயரம்மா பக்கத்தில் வந்து நின்றாள். சபைப் போதகரான சேகர குருவின் மனைவி. மே மாத மாற்றலில் தென்காசிக்கு வந்தவள், சின்ன வயது.

"எக்கா, வார வெள்ளி தயாக்கா வீடுல்லா வருது? அவங்க கோயிலுக்கு வந்தே மூணு மாசம் ஆச்சு. அடுத்த வீட்ட முன்னால இழுத்துப் போட்டுருவமா?"

"வேண்டாம்மா. நான் போயி ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்."

"நீங்களா?"

ஐயரம்மா அதைக் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் அந்த ஒற்றைச் சொல் வீடு வரைக்கும் எப்சிபாவின் கூடவே நடந்து வந்தது.

சபையில் எப்சிபாவுக்கு ஜெப வரம் உண்டு என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். கண்ணை மூடினால் வார்த்தைக்குப் பஞ்சமே இருக்காது. அருவி மாதிரி கொட்டும், ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. "எப்சிபாக்கா ஜெபம்னா டீய முன்கூட்டி வடிச்சிராதீங்கட்டி, ஆறிப்போயிரும்" என்று சங்கத்துப் பாக்கியமணி அவள் முகத்துக்கு நேராகவே கேலி செய்வாள். எப்சிபாவும் சிரித்துக்கொள்வாள். பொதுப்படையாக ஜெபிப்பது அவளுக்குப் பிடிக்காது. யார், எந்த ஊர், என்ன நோய், எந்த டாக்டர், எல்லாவற்றையும் பேர் சொல்லித்தான் ஆண்டவரிடம் வைப்பாள். முப்பத்தைந்து வருஷம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். முதல் பத்து வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தவள். "நம்பர் சொல்லாம லைன் கேட்டா எந்த ஆபரேட்டர் குடுப்பா?" என்பாள். அந்தப் பத்து வருஷத்தில் பாதித் தென்காசியின் ரகசியம் அவள் காதில் விழுந்திருக்கிறது. ஒன்றைக்கூட அவள் வெளியே விட்டதில்லை. அதில் அவளுக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமைதான் இப்போது அவளை அதிகமாகக் குத்தியது.

ஜூலையில் நல்ல சாரல். வழக்கம்போலச் சங்கத்துப் பெண்கள் வேன் பிடித்து ஒரு புதன்கிழமை விடியற்காலையில் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனார்கள். பெண்கள் பக்கத்தில் நெரிசல். கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் கொடுத்து நின்றபோது, தயாவதி அவள் தோளைப் பிடித்து இழுத்துக் காதுக்குள் கத்தினாள். அருவிச் சத்தத்தில் கத்தினால்தான் கேட்கும். பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்காது.

"எப்சிக்கா, ஜெனோவுக்குச் செங்கோட்டையில ஒரு எடம் கூடி வருது. அந்தப் பிள்ளைக்கு வலிப்பு வந்ததுல்லா, காலேஜ் படிக்கையில? ரெண்டே தடவதான். நாலு வருஷமா ஒண்ணும் இல்ல, மாத்திர மட்டும் போடுதா. இன்னும் அவங்ககிட்ட சொல்லல. அடுத்த ஞாயித்துக்கிழம மாப்பிள்ளை வாராரு. நானே அவர்ட்ட சொல்லிக்கிடுதேன், நீங்க யாரும் வாயத் திறக்காதீங்கன்னு ஜெனோ சொல்லிட்டா. உங்கிட்ட மட்டும் சொல்லுதேன். ஜெபம் பண்ணிக்கோ."

எப்சிபா ஈரக் கையால் அவள் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள். தயாவதியின் கண்ணில் தண்ணீர், அருவித் தண்ணீரும் சேர்ந்துகொண்டது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஜெபம் பாக்கியமணி வீட்டில். தயாவதி வரவில்லை. ஞாயிறு வரப்போகிறவர்களுக்காகத் திரைச்சீலைகளைத் துவைத்துக்கொண்டிருப்பதாகப் போன் பண்ணியிருந்தாள். வெளியே மழை. மின்சாரம் வேறு போய்விட்டது. முடிவு ஜெபத்துக்கு எழுந்தபோது எப்சிபா ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். எட்டுப் பேர். எல்லாம் நம்மவர்கள்.

முதலில் சபைக்காக, பிறகு ஊழியத்துக்காக, பிறகு பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்காக. நன்றாக வந்துகொண்டிருந்தது. "ஸ்தோத்திரம்", "ஆமாப்பா" என்று இடையிடையே பெண்கள் பதில் கொடுக்கக் கொடுக்க, அவள் குரலும் ஏறியது.

"உமது அடியாள் தயாவதியின் மகள் ஜெனோவை நினைத்தருளும் ஆண்டவரே. நாலு வருஷமாக அந்தப் பிள்ளை விழுங்குகிற மாத்திரைகளை நீர் அறிவீர். அந்த வலிப்பின் கட்டை அவிழ்த்தருளும். செங்கோட்டைச் சம்பந்தத்தை நீரே கூட்டி முடியும் ராஜா."

அந்த இடத்தில் ஒரு "ஸ்தோத்திரம்" விழவில்லை. உருகிப்போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு மேலே போனாள். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது வாசல் பக்கம் ஒன்பதாவதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டிருந்தாள். பக்கத்தில் சொட்டுகிற குடை.

பாக்கியமணியின் முகம் வெளிறியிருந்தது. "எக்கா, இவங்க செங்கோட்டை. எங்க நாத்தனாருக்குச் சொந்தம். டாக்டரப் பாக்க வந்தவங்க மழைக்கு இங்கன ஒதுங்கினாங்க." கொஞ்சம் நிறுத்தி, "மாப்பிள்ளைக்குப் பெரியம்மா முறை" என்றாள். எந்த மாப்பிள்ளை என்று அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

வந்தவள் எழுந்து குடையை எடுத்துக்கொண்டாள். "நல்லா ஜெபிச்சீங்கம்மா" என்றாள்.

சனிக்கிழமை காலையிலேயே செங்கோட்டையிலிருந்து தயாவதி வீட்டுக்குப் போன் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா மரியாதையாகத்தான் பேசினாராம். "வியாதி பெரிய விஷயமில்லைங்க. எங்க வீட்டுலயும் சுகரு, பிரஷரு எல்லாம் உண்டு. மறைச்சீங்க பாத்தீங்களா, அதான் மனசுக்கு ஒப்பல." நாளைக்குச் சொல்வதாகத்தான் இருந்தோம் என்று தயாவதி சொன்னதற்கு, "நாளைக்குன்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க" என்று வைத்துவிட்டார்.

மத்தியானம் தயாவதி எப்சிபாவைக் கூப்பிட்டாள். "நீ ஜெபத்துல சொன்னியா எப்சிக்கா?"

"தயா, கண்ண மூடுத வரைக்கும் அந்தப் பொம்பள இல்லட்டி. சத்தியமா எட்டுப் பேருதான்..."

பேச்சு பாதியில் இருக்கும்போதே அங்கே போனை வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எப்சிபாவின் நம்பரிலிருந்து போன் போனால் யாரும் எடுப்பதில்லை. ஜெனோ ஞாயிறு பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு டீச்சர். "ஜெனோ டீச்சர் எப்ப வருவாங்க?" என்று இரண்டு வாரம் பிள்ளைகள் கேட்டார்கள். மூன்றாவது வாரம் வேறு டீச்சர் போட்டார்கள், பிள்ளைகளும் கேட்பதை விட்டுவிட்டார்கள். பாடகர் குழுவில் தயாவதி நிற்கிற இடத்துக்கு மட்டும் யாரும் நகர்ந்து வரவில்லை. அந்த இடைவெளி ஒவ்வொரு ஞாயிறும் எப்சிபாவின் கண்ணுக்கு நேராக இருந்தது.

ஐயரம்மாவிடம் சொன்னபடி வியாழக்கிழமை சாயங்காலம் எப்சிபா தயாவதி வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது ஜெனோ. வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள் போல, கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது.

"வாங்க அத்தை" என்றாள். குரலில் கோபமும் இல்லை, வேறெதுவும் இல்லை.

தயாவதி அடுக்களையிலிருந்து வந்து எதிரே உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள். எப்சிபா பட்டியலைப் பற்றிச் சொன்னாள், நாளைக்கு முறை என்று. பிறகு அவளால் அடக்க முடியவில்லை. மூன்று மாதமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தைகள் வரிசையாக வந்தன. மழை, இருட்டு, வாசல் பக்கம் பார்க்காதது, அந்தப் பெண் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தது.

"கண்ண மூடையில எட்டுப் பேருதான் தயா இருந்தாங்க."

பதில் ஜெனோவிடமிருந்து வந்தது. "வந்தவங்கள விடுங்க அத்தை. இருந்தவங்ககிட்ட ஏன் சொன்னீங்க?"



"நாலு நாளா கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பேசிப் பாத்தேன்" என்றாள் ஜெனோ. "எப்படி ஆரம்பிக்கணும், மாத்திர பேரு சொல்லணுமா வேண்டாமா, அவர் கேள்வி கேட்டா என்ன சொல்ல. எல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன். வேண்டாம்னுதான் சொல்லியிருப்பாரோ என்னவோ. சொல்லட்டும். என் வாயால கேட்டுட்டு எம் முகத்தப் பாத்துச் சொல்லியிருப்பாருல்லா?"

"நீ உள்ள போம்மா" என்றாள் தயாவதி. ஜெனோ போய்விட்டாள்.

ஏன் சொன்னேன்? எப்சிபா தனக்குள் கேட்டுக்கொண்டாள். ஆண்டவருக்குத் தெரியாத விஷயமா? வீட்டில் தனியாக முழங்காலில் நின்று ஒரு வாரமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எட்டுப் பேர் நடுவில் அதை எடுத்தபோது உள்ளே ஒரு சந்தோஷம் இருந்தது. சின்னதுதான், ஒரு சிட்டிகைச் சர்க்கரை அளவுதான். தயாவதி என்னிடம் மட்டும் சொன்னாள் என்று அந்த எட்டுப் பேருக்கும் தெரியட்டும் என்ற சந்தோஷம். தொலைபேசி நிலையத்தில் பத்து வருஷம் அவளை வாய் திறக்க விடாமல் காத்தது நல்ல குணம் என்று நினைத்திருந்தாள். கேட்பதற்கு அங்கே எட்டுப் பேர் இல்லை, அவ்வளவுதான்.

இதைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். "தயா, என் மேலதான் தப்பு" என்பதற்கு மேல் வரவில்லை. ஜெபத்தில் தங்குதடையில்லாமல் வருகிற வார்த்தைகளில் ஒன்றுகூட இப்போது உதவிக்கு வரவில்லை.

"தெரியும்" என்றாள் தயாவதி.

எப்சிபா எழுந்தாள். முப்பது வருஷப் பழக்கம். ஒரு வீட்டிலிருந்து ஜெபிக்காமல் கிளம்பியதில்லை. அவள் அறியாமலேயே கை சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போடப் போனது. தயாவதி அந்தக் கையைப் பார்த்தாள்.

"வேண்டாம் எப்சிக்கா."

கை இறங்கியது.

"நாளைக்கு எல்லாரையும் வரச்சொல்லு. முறைன்னா முறைதான். சுண்டல் போடுதேன். நீயும் வா. ஆனா எங்க வீட்டுல நீ ஜெபிக்கக் கூடாது."

வெள்ளிக்கிழமை பதினான்கு பேர் வந்திருந்தார்கள். இவ்வளவு பேர் எந்த வீட்டுக்கும் வந்ததில்லை. என்ன நடக்கப் போகிறது என்று பார்க்க வந்தவர்களும் உண்டு. அதை மறைக்கப் பாட்டைச் சத்தமாகப் பாடினார்கள். ஐயரம்மா வேதம் வாசித்துச் சின்னதாகப் பேசினாள். தயாவதி கதவுக்குப் பக்கத்தில் பாயின் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஜெனோ அடுக்களையில் இருந்தாள்.

பேசி முடித்ததும் ஐயரம்மா பழக்க தோஷத்தில், "எப்சிபாக்கா, முடிவு ஜெபம்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"நான் வேண்டாம்மா" என்றாள் எப்சிபா. "பாக்கியமணி ஜெபிக்கட்டும்."

தொண்டை சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பாக்கியமணிக்கு முன்னால் நின்று ஜெபிக்க வராது. தட்டுத் தடுமாறித் தொடங்கினாள். "அன்பின் ஆண்டவரே, இந்த வீட்டை ஆசீர்வதியும். வியாதியாயிருக்கிறவங்களை, கஷ்டப்படுறவங்களை நினைச்சருளும். எல்லாருக்கும் சமாதானத்தைத் தாரும்." பேர் இல்லை, ஊர் இல்லை. எப்சிபாவின் கணக்குப்படி நம்பர் இல்லாத அழைப்பு.

எப்சிபா கண்ணை மூடவில்லை. வாழ்நாளில் முதல் தடவை. மூட பயமாக இருந்தது. சுற்றிலும் மூடிய கண்கள், அசையும் உதடுகள், யாரோ ஒருத்தி தூக்கத்தைத் துடைத்துக்கொள்கிறாள். இத்தனை வருஷம் தன் ஜெபத்துக்கு முன்னால் இந்த முகங்கள் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தாள். பார்வை வாசலுக்குப் போனது. வெளி கேட் உள்பக்கமாகத் தாழ் போட்டிருந்தது. ஜெப நாளில் கேட்டைத் தாழ் போடும் வழக்கம் எந்த வீட்டிலும் இல்லை, பிந்தி வருகிறவர்கள் சத்தமில்லாமல் வந்து உட்காரவேண்டும் என்பதற்காக.

தயாவதியும் கண்ணை மூடவில்லை. கைகளைக் கூப்பியபடி, கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாடகர் குழுவில் பாடும்போதுகூடக் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவள் அவள். எப்சிபா பார்ப்பதை உணர்ந்து ஒரு தரம் திரும்பினாள். இரண்டு பேருடைய பார்வையும் கொஞ்ச நேரம் ஒன்றின் மேல் ஒன்று நின்றது. தயாவதி சிரிக்கவும் இல்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. மறுபடியும் கேட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். ஜெனோ தட்டில் டம்ளர்களை அடுக்கிக் கொண்டுவந்தாள். எல்லோருக்கும் கொடுத்த மாதிரியே எப்சிபாவுக்கும் குனிந்து கொடுத்தாள். எப்சிபா வாங்கினாள், விரல் சுட்டது. ஜெபம் அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதால் டீ ஆறவே இல்லை.