ஒரு குண்டு தூரம்

பழவேற்காட்டுக் கோட்டையில் இருந்த டச்சுக்காரர்களான உலாந்தாக்காரர்களுக்கு ஒரு பங்குனி மாதத்தில் எள்ளின் மேல் கோபம் வந்தது. பார்க்கப்போனால் தப்பு செய்தது எள் இல்லை, தேனீ. தேனீயைப் பிடித்துக் கட்டி வைக்க எந்தக் கோட்டையிலும் தூண் கிடையாது. அதனால் எள் போட்டவன் தலையில் விடிந்தது.

கோட்டை மதிலை ஒட்டி அவர்கள் ஒரு விதைத் தோட்டம் வைத்திருந்தார்கள். வெள்ளை எள் மட்டும்தான் அதில் விளையும். அந்த விதையை ஜாடியில் அடைத்துக் கப்பலேற்றிக் கடல் கடந்து தங்கள் தலைமை ஊரான பத்தாவிக்கு அனுப்புவார்கள். போன விதை அங்கே முளைத்துச் சாம்பலும் கறுப்புமாகக் காய்க்கிறது, இது என்ன விதை என்று கேட்டுக் கடுதாசி வந்துவிட்டது. தோட்டத்துத் துரை நாலு நாள் குடை பிடித்துக்கொண்டு செடிகளுக்கு நடுவில் நின்று பார்த்தார். ஊரார் கழனியில் கறுப்பு எள் பூத்திருக்கிறது. அந்தப் பூவில் உட்கார்ந்த தேனீ பறந்து வந்து இந்தப் பூவிலும் உட்காருகிறது. கலப்பு அதனால்தான் என்று கண்டுபிடித்தார். சும்மா சொல்லக்கூடாது, அவர் கண்டுபிடித்தது சரிதான். சரியான காரணத்தைக் கண்டுபிடித்தவர்கள் செய்கிற அநியாயத்தைத்தான் யாராலும் தட்டிக் கேட்க முடிவதில்லை.

துரைக்கு மொழி சொல்கிற துபாஷி திருவேங்கடம் தமுக்குக்காரனோடு தெருத்தெருவாக வந்து சட்டத்தைச் சொன்னார். கோட்டையிலிருந்து ஒரு குண்டு தூரத்துக்குள் எள், ஆமணக்கு, கடுகு என்று எந்த எண்ணெய் வித்தும் போடக்கூடாது. இப்போது நிற்கிற பயிரை மூன்று நாளில் பிடுங்கிவிட வேண்டும். குண்டு தூரம் என்றால் எவ்வளவு தூரம்? அதை வெள்ளிக்கிழமை உச்சிக்குப் பிறகு மேற்குக் கொத்தளத்துப் பீரங்கி சொல்லும். குண்டு எங்கே விழுகிறதோ அங்கே எல்லைக்கல். கயிறு பிடித்து அளந்தால் ஊரார் தகராறு பண்ணுவார்கள், குண்டோடு எவன் தகராறு பண்ணுவான் என்பது கோட்டையின் கணக்கு.

சேதியைக் கேட்டதும் கண்ணப்பன் தன் நிலத்தைத்தான் நினைத்தான். அவனுக்கும் தம்பி குப்பனுக்கும் பொதுவாக, காட்டூர் போகிற வழியில், உப்பங்கழிக்கு அந்தப் பக்கம், அரைக்காணி மணல் நிலம் இருந்தது. அவர்கள் நைனா வாங்கிப் போட்டது. அதில் எள் தவிர வேறு எதைப் போட்டாலும் போட்டவனைப் பார்த்துச் சிரிக்கும். முகத்துவாரம் மணல் மூடி, ஏரி வற்றி, மீனெல்லாம் எங்கேயோ போய்விடுகிற நாலு மாதம் இரண்டு குடும்பமும் கஞ்சி குடிப்பது அந்த எள்ளால்தான். மாசியில் விதைத்தது இப்போது இடுப்பளவு வளர்ந்து பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

குப்பன் படகுக்காரன். கண்ணப்பன் ஏரியை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கோட்டையின் வெடிமருந்துச் சாலையில், வெடியுப்பும் கந்தகமும் கரியும் அரைக்கிற இடத்தில், சலித்து எடை போட்டுப் பையில் கட்டுவது அவன் வேலை. எந்தப் பீரங்கிக்கு எத்தனை மருந்து, எந்த மருந்துக்கு எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. மேற்குக் கொத்தளத்துப் பீரங்கிக்கு முழுப் பை போட்டால் குண்டு தங்கள் நிலத்தைத் தாண்டி இருநூறு அடியாவது போகும் என்று கேட்ட உடனே தெரிந்துவிட்டது. நிலம் எல்லைக்குள் மாட்டிக்கொள்ளும்.

அன்று சாயங்காலம் எல்லோரும் குப்பன் வீட்டு வாசலில் கூடினார்கள். குப்பன் பெண்டாட்டி முனியம்மா பால் மறக்காத பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்றது அண்ணே, நைனா சொத்து," என்றான் குப்பன்.

"எள்ளு போனா போவட்டும். கை இருக்குது, சேறு இருக்குது. துழாவுனா நாலு இறா கெடைக்காதா? எள்ளுக்கோசரம் மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு," என்றாள் முனியம்மா.

அவள் அப்படித்தான். நீர் வற்றினால் சேற்றில் முழங்கால் புதைய இறங்கி, பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் தடவித் தடவி இறால் பிடிக்கிற கூட்டத்துக்கு அவள்தான் முன்னால் போவாள். கண்ணப்பன் அவள் பேச்சைக் காதில் வாங்கவில்லை. அவனுக்கு அதற்குள் ஒரு யோசனை வந்துவிட்டது.

வியாழக்கிழமை அவன் அந்த யோசனைப்படி செய்து முடித்தான். பீரங்கிக்குக் கட்டிய பையில் வெடியுப்பைக் குறைத்துக் கரியைக் கூட்டினான். கறுப்போடு கறுப்பு, எந்தத் துரைக்குத் தெரியப்போகிறது? எடை சரியாக இருந்தது, கட்டும் சரியாக இருந்தது. குண்டு பாதி தூரம்தான் போகும். பாதி தூரத்தில் இருப்பது உப்பங்கழி. பங்குனி வெயிலில் நீர் வற்றி வெறும் சேறாகக் கிடக்கிற இடம். அங்கே ஒரு நாதி கிடையாது. குண்டு பொத்தென்று விழுந்து புதைந்துபோகும். நிலம் தப்பிக்கும். பன்னிரண்டு வருஷம் மருந்து சலித்தவன் மருந்தைச் சரியாகத்தான் கணக்குப் போட்டான்.

வெள்ளிக்கிழமை காலை கஞ்சி குடிக்கும்போது பெண்டாட்டி வேலம்மாவிடம், "நம்ம நெலத்துக்கு ஒண்ணும் வராது, கவலைப்படாத," என்றான்.

வேலம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். புருஷன் எங்கே வேலை செய்கிறான் என்பது அவளுக்குத் தெரியாதா? "குண்டு எங்க விழும்?" என்று கேட்டாள்.

"அது இன்னாத்துக்கு உனக்கு?" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போனான். பெண்பிள்ளை வாயில் ரகசியம் நிற்காது என்று அவனுக்கு யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். அப்படிச் சொன்னவன் வாயில் மண்ணைப் போட.

உச்சிக்குப் பிறகு மருந்துச் சாலையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்கள். கண்ணப்பன் பொத்தவில்லை. பீரங்கி வெடித்தது. எப்போதும் நெஞ்சில் இடிக்கிற சத்தம் அன்றைக்கு ஈர விறகு வெடித்த மாதிரி மந்தமாக வந்தது. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் நின்றவன் பார்த்துவிடுவான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

கொஞ்ச நேரத்தில் கழிப் பக்கமிருந்து பெண்கள் அலறுகிற சத்தம் வந்தது.

அவன் ஓடினான். கழிக்கரையில் பத்துப் பதினைந்து பெண்கள் இடுப்பு வரை சேறாக நின்று மாரில் அடித்துக்கொண்டார்கள். சேற்றில் விழுந்த குண்டு புதையவில்லை. நீர் வற்றி ஓரத்து மேல்சேறு இறுகிப்போயிருந்ததால் எகிறி, தாழ்வாகப் பாய்ந்து போயிருக்கிறது. போன வழியில் முனியம்மா குனிந்து இறால் தடவிக்கொண்டிருந்திருக்கிறாள். குப்பன் அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தான். அவள் மேல் யாரோ ஒரு சேலையைப் போர்த்தியிருந்தார்கள். சேலைக்கு அடியில் பாதிதான் இருந்தது.

"இங்க எதுக்கு வந்தீங்க?" கண்ணப்பன் கரையில் நின்ற பெண்களைப் பார்த்துக் கத்தினான். "இங்க எதுக்குடி வந்தீங்க எல்லாரும்?"

முனியம்மாவோடு தினமும் இறாலுக்குப் போகிற மரியம்மா திரும்பிப் பார்த்தாள். "வேற எங்கண்ணே போவோம்? நாங்க எப்பவும் மேக்கால ஓடைக்குத்தான் போவோம். குண்டு அங்கதான் விழும், ஆலமரத்துக்கு அந்தாண்ட ஒரு உசுரும் இருக்கக்கூடாதுன்னு காலைல தமுக்கு போட்டுட்டான். அதான் இங்க எறங்கினோம். இது பத்திரமான எடம்னு அவதான் கூட்டியாந்தா."

கண்ணப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. தூரத்து ஓடையை மூடினால் அன்றைக்குப் பெண்கள் எந்தச் சேற்றில் இறங்குவார்கள்? ஏரியில் காலை வைத்தவன் எவனும் இதைச் சொல்லியிருப்பான். குப்பனிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். வேலம்மாவிடம் இடத்தைச் சொல்லியிருந்தால் அவள் பதறி எழுந்திருப்பாள். பன்னிரண்டு வருஷம் கரியைச் சலித்ததில் அவன் மருந்தைக் கற்றுக்கொண்டு ஏரியை மறந்திருந்தான்.

தோட்டத்துத் துரை குதிரையில் வந்து இறங்கினார். கூடத் துபாஷி. துரை சேலையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. துபாஷியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். துபாஷி குப்பனிடம் குனிந்தார்.

"துரை ரொம்ப வருத்தப்படறாரு. ஆனா குண்டு இவ்ளோ கிட்டக்க விழுந்திருக்கக் கூடாதாம். மருந்துல கோளாறு இருக்கும்ங்கறாரு. மருந்த சோதிச்சுட்டு, நாளைக்கு வேற பை போட்டு இன்னொரு தபா சுட்டு எல்லைய வைக்கணும்ங்கறாரு."

கண்ணப்பன் பெண்களுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றான்.

குப்பன் தலையை நிமிர்த்தினான். "இன்னொரு தபா சுடக்கூடாது," என்றான். "சொல்லு அவருகிட்ட. குண்டு எங்க விழுதோ அதான் எல்லைன்னு நீங்கதானே தமுக்கு போட்டீங்க? விழுந்துச்சு. எம் பொண்டாட்டி மேல விழுந்துச்சு. இதான் எல்லை. நாளைக்கு வேற எடத்துல கல்லு வச்சீங்கன்னா இவ எதுக்குச் செத்தா?"

துபாஷி அதை எப்படிச் சொன்னாரோ தெரியாது. துரை சேலையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தலையை அசைத்தார். அங்கேயே கல் நடட்டும், மருந்தைச் சோதிக்க வேண்டாம் என்று உத்தரவாயிற்று. தோட்டத்து எள் கலந்தால் கலந்துவிட்டுப் போகட்டும் என்று அன்றைக்கு ஒரு நாள் அவருக்கு மனசு வந்தது.

அந்தச் சாவில் முதலில் மூச்சு விட்டவன் கண்ணப்பன்தான். மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தோம் என்றுதான் விட்டான். விட்ட மறுநிமிஷம் தன் மேலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போல் இருந்தது.

வீட்டில் முனியம்மாவின் குழந்தை பாலுக்கு அழுதுகொண்டிருந்தது. வேலம்மா சர்க்கரைத் தண்ணீரில் துணியை நனைத்து அதன் வாயில் வைத்தாள். கண்ணப்பன் உள்ளே வந்ததும் தலையைத் தூக்காமல், "எங்க விழும்னு கேட்டேனே," என்றாள். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்துத் திட்டியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஊருக்குள் முனியம்மாவின் பெயர் மாறத் தொடங்கியது. நிலத்தைக் காத்தவள் என்றார்கள். கழிக்கு அந்தப் பக்கம் எள் போட்டிருந்த அத்தனை குடும்பமும் பயிர் தப்பித்ததற்கு அவளைக் கும்பிட்டது. எல்லைக்கல்லுக்கு யாரோ மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துவிட்டார்கள். கண்ணப்பன் வேலைக்குப் போகும்போது அந்த வழியை விட்டுச் சுற்றிக்கொண்டு போனான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மறுநாள் குப்பன் படகை மணலில் கவிழ்த்துப் போட்டு, ஓட்டைக்கு நார் திணித்துக்கொண்டிருந்தான். கண்ணப்பன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தம்பி பேசிப் பதினாறு நாள் ஆகியிருந்தது.

"அண்ணே," என்றான் குப்பன். "நீ மருந்துச் சாலைல இருக்கறவன். ஒண்ணு கேக்கறேன். அந்தக் குண்டு ஏன் அவ்ளோ கிட்டக்க விழுந்துச்சு?"

சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. உனக்காகத்தான்டா, நைனா நிலத்துக்காகத்தான்டா என்று காலில் விழலாம். ஆனால் வாய் வேறு எதையோ தேடிக்கொண்டது.

"காத்துடா," என்றான் கண்ணப்பன். "எதிர்க்காத்து அடிச்சா குண்டு போவாது. அன்னிக்கு மேலக்காத்து தூக்கிச்சு இல்ல, அதான்."

குப்பனின் கை நின்றது.

காற்றைப் பற்றிப் படகுக்காரனிடம் பொய் சொன்னவன் உலகத்தில் இவன் ஒருவனாகத்தான் இருப்பான். எந்த நாள் எந்நேரம் எந்தப் பக்கத்துக் காற்று என்பதை வைத்துத்தான் குப்பன் உயிரோடு கரை சேருகிறவன். அதுவும் பெண்டாட்டி செத்த நாளின் காற்றையா மறப்பான்?

"அன்னிக்கு உச்சிலேருந்து கொண்டல்," என்றான் குப்பன் மெதுவாக. "கடல்லேருந்து கரைக்கு. பாய் எடுத்துக்கினு ஓடுற காத்து. குண்ட முன்னால தள்ளியிருக்கும். எதிர்த்து இழுத்திருக்காது."

கண்ணப்பன் படகின் ஓட்டையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். குப்பன் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து கையில் ஒட்டியிருந்த நாரைத் தட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் விடிந்ததும் மரியம்மா வந்து வாசலில் நின்று கூப்பிட்டாள். "அண்ணே, சீக்கிரம் போய்ப் பாருங்க. ஒங்க தம்பி நெலத்துல எள்ளப் புடுங்கிக்கினு இருக்காரு."

கண்ணப்பன் கழியைத் தாண்டி ஓடினான். குப்பன் நிலத்தின் நடுவில் குனிந்து வரிசையாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான். காய் இன்னும் பச்சை, உள்ளே விதை பால் பிடித்திருந்தது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் இரண்டு குடும்பத்துக்கும் கோடைக்குப் போதும். பாதி நிலம் வெறும் மணலாகிவிட்டது. பிடுங்கிய செடிகளை அவன் கட்டி வைக்கவில்லை, வரப்போரம் வீசிக்கொண்டே போனான். பக்கத்து நிலத்தில் எல்லோருடைய எள்ளும் பத்திரமாக நின்றுகொண்டிருந்தது.

கண்ணப்பன் வரப்பில் நின்று பார்த்தான். கடைசியில் தானும் நிலத்தில் இறங்கி, குனிந்து, ஒரு செடியின் தண்டைப் பிடித்தான்.

"நீ கை வைக்காத," என்றான் குப்பன். அண்ணே என்று அவன் சொல்லவில்லை. அப்புறம் எந்தக் காலத்திலும் சொல்லவில்லை.

கண்ணப்பன் வரப்பில் ஏறி நின்றான். வெயில் ஏறுகிற வரைக்கும் தம்பி மிச்ச எள்ளைப் பிடுங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.