முன்கூட்டிக் கொடுத்த தலைமுடி

சுறா எண்ணெய் பூசினால் நுளம்பு கிட்டவும் வராது என்று செபநாயகம் அண்ணை சொன்னதை நம்பி, ஸ்ரெல்லாவின் மொட்டைத் தலையில் அதை நான் அள்ளித் தேய்த்த அன்று பின்னேரம், பள்ளிக்கூடத்தில் திரிந்த பூனைகள் நாலும் அவளுக்குப் பின்னால் வரிசையாக வந்தன. கிணற்றடிக்குப் போனால் கிணற்றடிக்கு, செபத்துக்குப் போனால் செபத்துக்கு. வள்ளத்துப் பலகைக்குப் பூசுகிற எண்ணெய் அது. அந்த நாற்றத்தோடு பிறந்து வளர்ந்தவள்தான் நான். ஆனாலும் ஒரு வகுப்பறைக்குள் ஐந்து குடும்பம் பாய் விரித்துப் படுக்கிற இடத்தில் அதைத் தாங்க முடியவில்லை. பக்கத்துப் பாய்க்காரி சின்னத்தங்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

“சிசிலியா அக்கா, இதென்ன கண்டறியாத வேலை? தம்பி பெண்சாதியைத் தோணி எண்டு நினைச்சிட்டியளே?”

“உன்ரை மூக்கைப் பொத்தினது காணும், வாயையும் சேர்த்துப் பொத்து” என்றேன்.

நுளம்பு அந்த எண்ணெய்க்கு மேலேயே இருந்து கடித்தது. செபநாயகம் அண்ணைக்கு முப்பது வருசமாகத் தலையில் ஒரு மயிர் கிடையாது. அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு அவர் முகாம் முழுவதற்கும் மொட்டைத் தலை வைத்தியராகி இருந்தார். “எனக்கு உது ஒருநாளும் கடிக்கிறேல்லையே பிள்ளை” என்று தன் தலையைத் தடவிப் பார்த்தார். பிறகு மனம் கேளாமல், கூனி இறால் பிடிக்கிற நெருக்கமான வலைத் துண்டொன்றைத் தேடி எடுத்து, தொப்பி மாதிரி ஒன்று தைத்துக்கொண்டு வந்தார். நுளம்பு அதற்குள்ளே வசதியாகப் போய் வந்தது. உள்ளே போனதை அடிக்க எங்களுக்குத்தான் வழியில்லாமல் போயிற்று.

ஸ்ரெல்லா சிரித்தாள். அந்த நாட்களில் அவள் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் சண்டை தொடங்க மயிலிட்டியை விட்டு, உடுத்த உடுப்போடு ஓடி வந்து பருத்தித்துறையில் இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினோம். நான், என் தம்பி கனிசியஸ், அவனைக் கட்டி இரண்டு வருசமான ஸ்ரெல்லா. எனக்குக் கலியாணம் நடக்கவில்லை. அம்மா செத்தபோது தம்பிக்கு ஏழு வயது. சோறு தீத்தி, காற்சட்டை தைத்து, அடித்து, அணைத்து வளர்த்தது நான். அடுத்த வருசம் ஒக்டோபரில் இரவல் வள்ளம் ஒன்றில் தொழிலுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. கடலுக்குப் போகக் கூடாது என்று கடற்படை தடை போட்டிருந்த காலம். போகாவிட்டால் அடுப்பு எரியாது. ஆகவே எல்லோரும் போனார்கள். எல்லோரும் வந்தார்கள், அவன் வரவில்லை.

ஒன்பது நாள் ஸ்ரெல்லா கரையில் இருந்தாள். பத்தாம் நாள் எழும்பி நேரே நாவிதரிடம் போய், முழங்கால் வரைக்கும் கிடந்த முடியை வழித்து, ஓலைப் பெட்டிக்குள் வைத்து அந்தோனியார் கோயிலில் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார். அவருக்கு நேர்த்தி வைக்கிறது எங்கள் ஆட்களின் வழக்கம்தான். ஆனால் கேட்டது கிடைத்த பிறகுதான் மொட்டை அடிப்போம். இவள் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தாள்.

“விசரி! முதலே குடுத்தால் அவர் என்னத்துக்கு அவதிப்படப் போறார்?” என்று சின்னத்தங்கம் கேட்டாள். அன்றைக்கு அவள் கேட்டதில் எனக்கும் பிழை தெரியவில்லை.

“வாங்கிப்போட்டுச் சும்மா இருக்க அவருக்கு வெக்கமாய் இருக்குமெல்லே” என்றாள் ஸ்ரெல்லா.

அதோடு விட்டாளா? முடி வளர்ந்தால் கொடுத்ததைத் திருப்பி எடுத்த மாதிரியாம். பத்து நாளுக்கு ஒருக்கால் தம்பியின் சவரப் பெட்டியைத் திறந்து, உடைந்த கண்ணாடித் துண்டை யன்னலில் சாத்தி வைத்துத் தானே வழிப்பாள். பின்பக்கம் கை எட்டாது. அதை நான் வழித்துவிடுவேன். சாமான் வரத் தடை இருந்து பிளேட் ஒன்று கிடைக்காத காலத்தில் ஒரே பிளேட்டைக் கண்ணாடித் தம்ளருக்குள் தீட்டித் தீட்டி வழித்தோம். ஒரு துணியைக் கட்டடி என்றால் அதற்கும் மாட்டாள். மூடி வைத்தால் அந்தோனியார் எப்படிக் காண்கிறது என்று கேட்பாள். கார்த்திகை மழைக்குப் பள்ளிக்கூடத்தைச் சுற்றி வெள்ளம் நின்றது. நுளம்புத்திரியைக் கடையில் கண்டே ஒன்றரை வருசம். பின்னேரம் ஐந்தரைக்கு, யாரோ சொல்லி அனுப்பினது போல நுளம்பு வரும். வகுப்பறையில் இருந்த இருபத்தைந்து தலையையும் விட்டுவிட்டு அவளுடைய தலைக்குத்தான் போகும்.

கடைசியில் வேப்பெண்ணெயில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் கலந்து பூசினேன். அதற்கு ஓரளவு கேட்டது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் அவளை முன்னால் இருத்தி, நெற்றியில் தொடங்கிப் பிடரி வரைக்கும் பூசுவேன். ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஒன்றைச் சொல்ல வாயெடுப்பேன். சொல்லாமல் எண்ணெய்ப் போத்தலை மூடுவேன்.

அவள் மொட்டையடித்து மூன்றாம் நாள் சிமியோன் என்னைக் கரையில் மறித்தவன். தம்பியோடு ஒன்றாகத் தொழிலுக்குப் போகிறவன், தம்பி காணாமல் போன அன்றைக்கும் பக்கத்து வள்ளத்தில் போனவன். மணலைக் காலால் கிண்டிக்கொண்டு நின்றான்.

“அக்கா, நான் கண்டனான்.”

“என்னத்தைக் கண்டனி?”

“நேவிக்காரன்ரை சூடு விழுந்தது. கனிசியஸின்ரை வள்ளம் ரெண்டாய்ப் போச்சு. அவன் தண்ணிக்குள்ளை விழுந்ததை என்ரை கண்ணாலை கண்டனான். விடியுமட்டும் அந்த இடத்திலைதான் என்ரை வள்ளத்துக்குள்ளை குப்புறப் படுத்துக் கிடந்து பாத்தனான். அவன் எழும்பேல்லை அக்கா. ஸ்ரெல்லாவின்ரை முகத்தைப் பாத்துச் சொல்ல என்னாலை ஏலாது. நீங்கள் சொல்லுங்கோ.”

வேறு யாருக்கும் சொன்னியோ என்று கேட்டேன். இல்லை என்றான். சொன்னால் உன்ரை நாக்கை அறுப்பன் என்றேன். அவன் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவன் மேலா, தம்பி மேலா, அந்தோனியார் மேலா என்று இன்றைக்கும் தெரியாது. இரண்டு கிழமையில் சிமியோன் குடும்பத்தோடு இந்தியாவுக்கு வள்ளம் ஏறிவிட்டான். அந்தக் கதையை அறிந்த ஆள் இந்தக் கரையில் நான் ஒருத்திதான் என்று ஆயிற்று.

அன்றைக்கே சொல்லத்தான் வந்தேன். கடவுள் அறியச் சொல்லுகிறேன், சொல்லத்தான் வந்தேன். அவள் வாசலில் இருந்து, கத்தி பட்ட காயங்களுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். “மச்சாள், தலை பாரமில்லாமல் கிடக்கு” என்றாள். நான் உள்ளே போய் உலையை வைத்தேன். நாளைக்குச் சொல்லுவோம் என்று நினைத்தேன். சொன்னால் அது என் காதிலும் விழுமே. சொல்லாமல் இருக்கும்வரை எனக்கும் தம்பி எங்கேயோ ஒரு கரையில் ஒதுங்கிக் கிடந்தான். சிமியோன் பயந்தவன், பயந்தவன் கண்ணுக்கு எதுவும் தெரியும் என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன்.

இன்னொன்றும் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அவளுடைய தமையன் செல்வரட்ணம் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருந்தவர். மார்கழி தொடக்கத்தில், அங்கேயும் இங்கேயும் வள்ளத்தில் ஆள் ஏற்றுகிற ஓட்டி ஒருவன் கையில் அவருடைய கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை போகிற வள்ளத்தில் உனக்கு ஓரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், யோசிக்காமல் ஏறு என்று எழுதியிருந்தார். ஸ்ரெல்லா கடிதத்தை என் மடியில் போட்டாள்.

“நான் போனாப் பிறகு அவர் வந்து இஞ்சை தேடினால் என்ன செய்யிறது மச்சாள்?”

அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. போ என்று ஒரு சொல், சிமியோன் சொன்னது ஒரு சொல், இரண்டும் என் வாயில் நின்றன. அவள் போனால் இந்தப் பாயில் நான் மட்டும் கிடப்பேன் என்று நினைத்தேன்.

“ஓம், அதுவும் சரிதான்” என்றேன்.

வெள்ளிக்கிழமை வள்ளம் போயிற்று. தை பிறந்த பிறகு ஓட்டிகள் ஒருவரும் ஆள் ஏற்றத் துணியவில்லை. அந்த வழி அதோடு அடைபட்டது.

நத்தார்ப் பண்டிகைக்கு முதல் நாள் அவளுக்கு முதல் காய்ச்சல் வந்தது. பாயோடு சேர்ந்து நடுங்கினாள். நாலு சாக்கைப் போட்டு மூடி, மேலே நான் படுத்து அமத்தியும் நடுக்கம் நிற்கவில்லை. மலேரியா என்று குளிசை தந்தார்கள். அது மாறி, மாசியில் இரண்டாம் முறை வந்தது. இந்த முறை கண் மஞ்சளாகி, சிறுநீர் தேயிலைச் சாயம் போலப் போனது. ஆசுப்பத்திரியில் டொக்டர் அவளுடைய தலையைப் பார்த்தார். இரண்டு காதுக்கும் நடுவில் ஒரு இடம் மிச்சமில்லாமல் தடித்துச் சிவந்திருந்தது. என்னை வெளியே கூப்பிட்டார்.

“மருந்து இருக்கிறதைத் தந்திருக்கிறன் அம்மா. ஈரல் நல்லாய்ப் பழுதுபட்டிட்டுது. இன்னொரு தரம் வந்தால் இந்த உடம்பு தாங்காது. நுளம்பு கடிக்காமல் பாருங்கோ. அந்தத் தலையிலை முடியை வளர விடச் சொல்லுங்கோ.”

அவருக்கு என்ன, சொல்லிவிட்டார். முடி வளர வேண்டும் என்றால் நேர்த்தி முடிய வேண்டும். நேர்த்தி முடிய வேண்டும் என்றால் தம்பி வர வேண்டும். அல்லது வரமாட்டான் என்று நான் சொல்ல வேண்டும். நாலு மாதமாக ஒளித்து வைத்தது இனி ஒளிக்க இயலாத இடத்துக்கு வந்துவிட்டது.

வீடு என்று சொல்லிக்கொள்ளும் அந்த வகுப்பறைக்கு அவளைக் கூட்டிவந்து நாலு நாளான பின்னேரம், எல்லோரும் செபமாலைக்குப் போயிருந்தார்கள். அவள் மட்டும் போகவில்லை. இரண்டு கிழமையாகவே அவள் செபத்துக்குப் போகவில்லை, நான் காய்ச்சல் என்று நினைத்திருந்தேன். பின்பக்கத்துப் படியில் அவளை இருத்தி, மேல்படியில் நான் இருந்து எண்ணெயைக் கையில் ஊற்றினேன். இடப்பக்கத்தில் தொடங்கினேன். தோல் சூடாக இருந்தது. காது வரைக்கும் பூசினேன். பிறகு கையை எடுக்காமலே சொன்னேன். சிமியோன் சொன்ன மாதிரியே, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

அவள் கத்துவாள், மண்ணில் விழுந்து புரளுவாள், நான் பிடிக்க வேண்டும் என்று கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு இருந்தேன். அவள் அசையவில்லை.

“எப்ப சொன்னவன்?”

“நீ மொட்டை அடிச்சு மூண்டாம் நாள்.”

“அண்ணையின்ரை கடிதம் வந்தது அதுக்குப் பிறகோ?”

“ஓம்.”

“அதுக்குப் பிறகும் பின்பக்கம் நீங்கள்தான் வழிச்சு விட்டனீங்கள்.”

என்னத்தைச் சொல்லுகிறது? உன்னை விட எனக்கு ஆள் இல்லை என்று சொல்லவா? தம்பி என்னுடைய பிள்ளை மாதிரி என்று சொல்லவா?

“நான் அந்தோனியாரோடை கோவிச்சுக்கொண்டு இருந்தனான் மச்சாள்” என்றாள். குரல் உயரவில்லை. “வாங்கிப்போட்டு ஏமாத்திப்போட்டார் எண்டு, அந்தப் பக்கம் முகம் குடுக்காமல் இருந்தனான். பாவம், அவர் என்ன செய்வார். அவருக்கும் நீங்கள் சொல்லியிருக்கமாட்டியள்.”

அவளுடைய தலையில் இன்னும் என் கை இருந்தது. மணிக்கட்டில் பிடித்து அதைத் தூக்கி, இரவல் வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி என் மடியில் வைத்தாள்.

“மற்றப் பக்கமும் பூசிவிடுறன் பிள்ளை. நேரமாகுது, நுளம்பு வரப்போகுது” என்றேன்.

“வேண்டாம்.”

“டொக்டர் சொன்னவர்…”

“வேண்டாம் மச்சாள்.”

கோயில் பக்கமிருந்து செபமாலை ஓதுகிற சத்தம் கேட்டது. சின்னத்தங்கத்தின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. மழை விட்டும் வற்றாமல் தேங்கி நின்ற வெள்ளத்துக்கு மேலே நுளம்பு எழும்பத் தொடங்கியது. நான் சேலைத் தலைப்பை எடுத்து விசுக்கினேன். விசுக்க வேண்டாம் என்றாள். விட்டுவிட்டேன். இரண்டு படி மேலே ஏறி, எண்ணெய்க் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் விரித்தபடி இருந்தேன். அவள் வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். எண்ணெய் பூசிய இடப்பக்கம் மினுங்கியது, அதில் ஒரு நுளம்பும் இல்லை. வலப்பக்கத்தில், காதுக்கு மேலே, மூன்று நாலு நுளம்புகள் வயிறு சிவக்கச் சிவக்க ஆறுதலாகக் குடித்துக்கொண்டிருந்தன.