முதல் ஆயிரம் கிலோமீட்டர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையது இல்லை. எனக்குப் பல்செட் கட்டியவர் தன் வீட்டைப் பற்றிச் சொன்னது. அச்செடுக்கும் பசையை என் வாய் நிறைய அப்பி, "அசையாதீங்க, இறுகட்டும்" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தார். என்னால் ஒரு கேள்வி கேட்க முடியவில்லை. ஆகவே கதையில் ஓட்டை தென்படும் இடமெல்லாம் நான் "ம்ம்" என்று முனகிய இடங்கள்.

2

முதல் தொடக்கம்: "புதுக் கார் வீட்டுக்கு வந்த அன்று அவருடைய மகள்—"

அடித்துவிட்டேன். அவள் அவருடைய மகள் இல்லை.

இரண்டாம் தொடக்கம்: "அவருடைய மனைவிக்கு முதல் திருமணத்தில் பிறந்த—"

சேச்சே, பத்திரம் எழுதுவது போல இருக்கிறது. பெண் என்றே வைத்துக்கொள்வோம். பதினாறு வயது. "பெண்" என்றால் மகள் என்றும் பொருள், வெறும் பெண் என்றும் பொருள். யாருக்கு எது வசதியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கும் என் தொல்லைதான். கல்யாணம் நடந்து எட்டு மாதமாகியும் அவரை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. "சாப்பிட வரச் சொன்னாங்க." "சாவி மேசை மேல இருக்கு." எல்லாம் மொட்டைப் பேச்சு. நம் மொழியில் இது ஒரு பெரிய சௌகரியம். ஒரே வீட்டில் இருக்கும் ஆளை ஆயுசு முழுக்கக் கூப்பிடாமலே காலம் தள்ளிவிடலாம்.

3

அவளுடைய பெரியம்மா வேறு ஊரில் இருக்கிறாள். "பரீட்சை முடிஞ்சதும் இங்கயே வந்துடு, உனக்குத் தனி ரூம் இருக்கு" என்று ஃபோனில் சொன்னாள். அம்மா, "அவ இஷ்டம்" என்று ஒதுங்கிவிட்டாள். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகாதே என்று சொல்ல அவர் யார்? பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

அந்த மாதம் முழுக்க அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, சாயங்காலம் கூட்டிவந்தது அந்தப் புதுக் கார்தான். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு மிதித்து ஓட்டக் கூடாது, ஒரே வேகத்திலும் ஓட்டக் கூடாது என்று கையேட்டில் போட்டிருந்தது. மனிதர் அதை அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டார். நாற்பது, ஐம்பது, மறுபடி நாற்பது.

"பின்னாடி லாரிக்காரர் திட்டுறார்."

"திட்டட்டும்மா. எஞ்சின் இன்னும் பழகல."

"எதோட?"

"உள்ளுக்குள்ளயே. ரிங்கும் சிலிண்டரும் புதுசுல சொரசொரன்னு இருக்கும். ஒண்ணோட ஒண்ணு தேஞ்சுதான் பொருந்தும்."

"ஓ" என்று சொல்லிவிட்டு இயர்ஃபோனை மாட்டிக்கொண்டாள். அந்த ஒற்றை "எதோட?"வை வைத்தே அவர் இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தார்.*

(* இரண்டு நாள் என்று அவர் சொல்லவில்லை. நான் சேர்த்தது.)

4

அறுநூறாவது கிலோமீட்டரில் அவர் காதுக்கு ஏதோ சத்தம் கேட்டது. மெக்கானிக்கிடம் ஓடினார். மெக்கானிக் பானெட்டைத் தூக்கி, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"வண்டியில ஒண்ணுமில்ல சார், சத்தம் உங்க மனசுலதான். ரொம்பப் பொத்திப் பொத்தி ஓட்டுறீங்க. அப்படியே ஓட்டினா ரிங் சரியா உட்காராது, கடைசி வரைக்கும் ஆயில் குடிக்கும். அப்பப்ப கொஞ்சம் மிதிச்சு விடுங்க."

(உவமை உங்கள் கண்ணில் பட்டிருக்கும். தயவுசெய்து அதைக் கையில் எடுக்காதீர்கள். அவர் எடுத்துத்தான் மாட்டிக்கொண்டார்.)

5

மறுநாள் சாயங்காலம் பள்ளி விட்டு முக்கால் மணி நேரமாகியும் அவளைக் காணோம். ஃபோனும் எடுக்கவில்லை. கடைசியில் சாவகாசமாக வந்து கதவைத் திறந்தாள். எட்டு மாதமாகக் குரலை உயர்த்தாத மனிதர் கத்திவிட்டார்.

"ஒரு ஃபோன் பண்ணினா என்ன? உனக்கு என்ன ஆச்சோன்னு எனக்கு உயிரே போயிடுச்சு!"

"கத்தாதீங்க! நீங்க ஒண்ணும் என்னோட—"

அங்கேயே நிறுத்திக்கொண்டாள். அந்த வாக்கியத்தை நான் நான்கு முறை முடித்துப் பார்த்தேன். நான்கும் அவரைக் கொன்றன. அவளே முடிக்காததை நான் ஏன் முடிக்க வேண்டும்?

அதன்பிறகு முந்நூறு கிலோமீட்டர் பேச்சே இல்லை. ரிங் உட்கார்ந்ததா, சிலிண்டர் சுவர் கீறிவிட்டதா, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஊரில் இருக்கிற வாய்க்கெல்லாம் "ரெண்டு வாரம் வலிக்கும், அப்புறம் பழகிடும்" என்று சொல்கிறவர், தனக்கென்று வந்தபோது அதை நம்ப முடியாமல் தவித்தார்.

6

பரீட்சை முடிந்த மறுநாள் முதல் சர்வீஸ். அவளும் கூட வந்தாள். பின் சீட்டில் அவள் பை. சர்வீஸ் முடிந்து நேரே பஸ் நிலையமா, வீடா என்று அவள் சொல்லவில்லை. கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

முடிவு (அ): அவள் அழுகிறாள், அவரும் அழுகிறார். எழுதினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

முடிவு (ஆ): பஸ் கிளம்புகிறது, அவள் திரும்பிப் பார்க்கவே— இல்லை, என்னால் முடியாது.

நடந்ததாக அவர் சொன்னது இவ்வளவுதான். வரவேற்பு மேசைப் பெண் ஒரு படிவத்தை அவளிடம் நீட்டினாள். "கூட வந்தவங்க விவரமும் எழுதணும். சார் உங்களுக்கு என்ன வேணும்?"

தன் பெயரை எழுதினாள். "உறவு" என்ற அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. பக்கத்தில் நின்றவர் சுவரில் இருந்த டயர் விளம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்க. என்ன எழுதட்டும்?"

அப்பா என்றால் அதிகப்பிரசங்கித்தனம். "அம்மாவோட வீட்டுக்காரர்" என்றால் தானே ஒதுங்கிக்கொண்டது போலாகிவிடும். உன் இஷ்டம் என்றால், அவள் அம்மா சொல்லி ஒதுங்கியதையே அவரும் சொன்னதாக ஆகும். எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லிக்கொடுங்கள், ஆனால் ரொம்ப யோசிக்காதீர்கள். அவள் இன்னும் அவர் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.