மூடுபனி ஒதுங்கும் பாலிசி

பிராங்ளினின் டாக்ஸிக்கு இன்சூரன்ஸ் கிடைத்த ஜூன் மாதத்திலிருந்து, எமரால்டு மலைச்சாலையில் மூடுபனி அந்த வண்டியைச் சுற்றி இருபது அடி ஒதுங்கி நின்றது. அந்த இருபது அடிக்குள் வெயிலடித்தது. குடித்துவிட்டு ஓட்டி இரண்டு முறை பிடிபட்டு, மூன்றாம் முறை குந்தாவில் யாருடைய காம்பவுண்டுச் சுவரையோ இடித்துத் தள்ளி, ஆறு மாதம் லைசென்ஸை இழந்திருந்தவன் அவன். எந்தக் கம்பெனியும் அவனைச் சீந்தவில்லை. கடைசியில் பஜாரில் ஏஜென்ட் வேலை பார்க்கும் யூனிஸ், இப்படிப்பட்டவர்களுக்கென்றே தொடங்கப்பட்ட ஒரு கம்பெனியைத் தேடிப்பிடித்து, மூன்று மடங்கு பிரீமியத்துக்கு ஒரு பாலிசி வாங்கிக் கொடுத்தாள். மூடுபனியைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. ஊர் இரண்டு நாள் அதைப் பேசியது. மூன்றாம் நாளிலிருந்து சவாரிக்கு அவனையே கூப்பிட்டது.

பவுல்ராஜுக்குத்தான் வயிறு எரிந்தது. அதே ஸ்டாண்டில் பத்தொன்பது வருடமாக டாக்ஸி ஓட்டுகிறவர். வண்டியில் ஒரு கீறல் கிடையாது, பெயரில் ஒரு அபராதம் கிடையாது. மலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது முறை. எதிரே ஒரு ஸ்கூட்டர் முனகிக்கொண்டு ஏறினாலும் இவர் ஓரங்கட்டி நிற்பார். இத்தனைக்கும் அவருடைய கம்பெனி கொடுத்தது பிரீமியத்தில் கொஞ்சம் தள்ளுபடி. குடிகாரனுக்கு வெயில், யோக்கியனுக்குத் தள்ளுபடியா என்று ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தின் நடுவிலும் பொருமினார். போதாக்குறைக்கு, அவலாஞ்சியில் மாமியாருக்கு நெஞ்சுவலி என்று தகவல் வந்த அன்று அவர் சவாரியில் இருந்ததால், மனைவி ஆன்சி பிராங்ளின் வண்டியில் போய்வந்தாள். “வழி பூராத் தெரிஞ்சுதுங்க” என்று மட்டும்தான் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நேராக யூனிஸிடம் போனார். “எனக்கும் அதே பாலிசி போட்டுக் குடும்மா.”

“உங்களுக்குத் தர மாட்டாங்கண்ணா. உங்க மேல ஒரு கேஸ்கூட இல்லீங்களே.”

அன்றிலிருந்து அவர் ஒரு கேஸைத் தேடினார். குடிக்க முயன்று இரண்டாம் மடக்கிலேயே வாந்தியெடுத்தார். வேகமாக ஓட்டலாமென்றால், மூடுபனியில் முன்னால் போகும் வண்டியே தெரியவில்லை. ஆகஸ்டில் ஒரு காலை, ஆன்சியைப் பக்கத்தில் உட்காரவைத்து மலையிறங்கிக்கொண்டிருந்தபோது, வளைவில் கேரட் மூட்டை ஏற்றிய பிக்கப் ஒன்று மெதுவாக ஏறி வந்தது. பவுல்ராஜ் ஒதுங்கவில்லை. கேரட் சரிவு முழுக்க உருண்டோடியது. பிக்கப் டிரைவர் நல்லசாமிக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆன்சிக்கு முழங்கை வீங்கியது. கேஸ் பதிவாகி மூன்று மாதம் லைசென்ஸ் போனது. பரீட்சையில் தேறிய பையனுக்குக்கூட முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது.

டிசம்பரில் யூனிஸ் பாலிசியைக் கையில் கொடுத்தாள். வண்டியைக் கிளப்பியதும் மூடுபனி ஒதுங்கியது. பவுல்ராஜ் இறங்கி டேப் வைத்து அளந்தார். நான்கு பக்கமும் இருபது அடி, பிராங்ளினுக்கு இருந்ததைவிட ஒரு அங்குலமும் குறையவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஹாரனை நீளமாக அடித்துக்கொண்டு, தாயைப் பார்க்கப் போவதற்காக ஆன்சி நின்றிருந்த பஸ் ஸ்டாப்புக்குப் போனார்.

“ஏறு ஆன்சி. பாரு, வெயிலடிக்குது.”

“நான் பஸ்ஸுல போய்க்கிறேனுங்க.”

“பிராங்ளின் வண்டியிலன்னா ஏறுவே?”

“அவரு போதையில இடிச்சாருங்க. நீங்க என்னைய உக்கார வெச்சு, தெரிஞ்சே இடிச்சீங்க.” அவள் குரல் உயரவில்லை. “பத்தொம்பது வருசமாப் பக்கத்துல உக்காந்திருக்கறேன். அன்னைக்கு உங்க காலு பிரேக்குக்குப் போகலீங்க.”

பஸ் வந்தது. ஆன்சி டிரைவருக்கு நேர் பின்னால், முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். விளக்கைப் போட்டுக்கொண்டு பஸ் நடக்கிற வேகத்தில் மூடுபனிக்குள் நகர்ந்தது. பவுல்ராஜுக்கு வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. பின்னாலேயே போனார். அவருடைய வெயில் பஸ்ஸின் கடைசி வரிசை வரைக்கும் எட்டியது.

இப்போதும் வாரத்துக்கு ஒருமுறை அப்படித்தான் போகிறார்கள். நனைந்த குடையோடு ஏறுகிறவர்களைக் கண்டக்டர் பின்சீட்டுக்கு அனுப்பிவிடுகிறார், அவலாஞ்சி போய்ச் சேர்வதற்குள் காய்ந்துவிடும். ஆன்சி முன்னால்தான் உட்காருகிறாள்.