மீனில்லாத தொட்டி

வெனிங்குக்கு வயது பத்து, பிடிவாதத்துக்கு நாற்பது. ஜாவாவின் துலுங்காகுங் ஊரில் வீட்டுக்கு வீடு மீன் குளம் உண்டு. அந்த ஊரில் மூன்று வாரமாக வெறும் தண்ணீர்த் தொட்டியைக் காவல் காத்த ஒரே ஆள் அவள்தான்.

காரணம் இருந்தது. முதலில் வாங்கிய மூன்று மீன்களும் புதுத் தண்ணீரில் மூன்றே நாளில் செத்து மிதந்தன. கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தவள் அவள். பிறகு கடைக்காரரை நச்சரித்துத் தெரிந்துகொண்டாள்: மீன் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் வடிகட்டிப் பஞ்சில் குடியேற வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். தொட்டியில் வாதுமைச் சருகு போட்டாள். அந்த நுண்ணுயிர்களுக்கு இரையாகத் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியும் தூவினாள். தண்ணீர் தேநீர் நிறமானது. அம்மாவின் அண்ணன் குனார்சோ வரும்போதெல்லாம், "என்னடி, தண்ணி வளக்குறியா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். நோன்புப் பெருநாளன்று தன் குளத்திலிருந்து பன்னிரண்டு மீன் கொண்டுவருவதாகவும் சொல்லிவைத்தார்.

வினை அங்கேதான் வந்தது. பெருநாளுக்கு முந்தின நாள் ஜாவா வீடுகளில் கழுவலுக்குத் தப்பும் பொருள் கிடையாது. வெனிங் தேங்காய் வாங்கப் போன நேரத்தில் அம்மா மூர்தினி பழுப்புத் தண்ணீரைக் கொட்டி, தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்பிவிட்டாள். துவைத்த பஞ்சு கொடியில் தொங்கியது.

அதுவரை அம்மாவிடம் குரல் உயர்த்தாதவள் தெருவே கேட்கக் கத்தினாள். அழுக்கு என்று நினைத்துவிட்டதாக அம்மா சொன்னது அவள் காதில் ஏறவில்லை. நாளைக்கு இதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அப்பா கண்டித்தார்.

பெருநாள் தொழுகை முடிந்ததும் பிள்ளைகள் பெற்றவர்கள் முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்பது வழக்கம். வெனிங்கும் அம்மா மடியில் நெற்றியை வைத்தாள்.

"இந்த வருஷம் பண்ண தப்பெல்லாம் மன்னிச்சிடுங்கம்மா. தொட்டிக்காகக் கத்துனதுக்கு மட்டும் கேக்க மாட்டேன்."

அப்பா முறைத்தார். மகள் தலைமேல் வைத்த கையை அம்மா எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மாமா பையும் மீனுமாக வந்தார். கூடம் நிறைய விருந்தாளிகள். தண்ணீர் இப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று மூடியை எடுக்கப் போனார். வெனிங் குறுக்கே போய் நின்றாள்.

"விட மாட்டேன் மாமா. எல்லாம் செத்துடும்."

"வந்தவங்க முன்னாடி மானத்த வாங்காத. தள்ளு."

அவள் நகரவில்லை. அம்மா எழுந்து வந்து மாமாவின் கையிலிருந்த பையை வாங்கினாள். அம்மா பையின் முடிச்சை இறுக்கி, அண்ணன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"உங்க குளத்துலயே விட்டுடுங்கண்ணே. நான்தான் கழுவிக் கெடுத்தேன். இன்னும் மூணு வாரம் ஆகும்."

பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

"அந்தச் சருகு எங்கடி பொறுக்குன?"