மைதீன் பிச்சை கேட்ட நாட்டம்

சமாதானம் வந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு மனிதருக்குக் காலைப் பலகாரம் தொண்டையில் இறங்கவில்லை என்றால் நம்புவீர்களா? 1991-ஆம் வருடம் ஜனவரி ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, ராஜபாளையத்தில் அப்படி ஒருவர் இருந்தார். பெயர் மைதீன் பிச்சை. கெட்டவர் என்று எண்ணிவிட வேண்டாம். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர் என்றுதான் தெருவில் பெயர். பன்னிரண்டு பவர்லூம் தறி போட்டு, காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி நெய்து விற்பவர்.

தட்டில் இருந்த இட்லியைப் பிய்த்தபடி ரேடியோவுக்குக் காதைக் கொடுத்திருந்தார். குவைத்தை விட்டு ஈராக் படை வெளியேறக் கொடுத்த கெடு பதினைந்தாம் தேதியோடு முடிகிறது. அதற்குள் பேசித் தீர்க்க முடியுமா என்று பார்க்க, அமெரிக்க மந்திரியும் ஈராக் மந்திரியும் இன்று ஜெனீவாவில் சந்திக்கிறார்கள் என்றது செய்தி. கேட்டவர்கள் எல்லாம் அப்பாடா என்று மூச்சு விட்டிருப்பார்கள். மைதீன் பிச்சையோ பாதித் தட்டோடு கை கழுவிக்கொண்டு எழுந்தார்.

"பேசித் தீத்துக்கிடுவானுகளோ?" என்று முனகினார். பக்கத்தில் ஆள் இல்லாதது நல்லதாயிற்று.

வினை செப்டம்பர் மாதமே ஆரம்பித்தது. பம்பாய்க் கம்பெனி ஒன்றுக்குச் சரக்குப் பிடித்துத் தருகிற மதுரை ஏஜெண்ட் சமுத்திரம் ஒரு நாள் தறிக்கூடத்தில் வந்து இறங்கினார். வழக்கமான வெள்ளைத் துணி வேண்டாம், மண் நிறத்தில் சாயம் ஏற்றிய சுருள்தான் வேண்டும் என்றார். எவ்வளவு நெய்தாலும் எடுத்துக்கொள்வார்களாம்.

"வெள்ளைக் கட்டு பாலைவனத்துல பளிச்சுன்னு தெரியும் பாய். எதிராளி அதையே குறி வச்சிருவான். அதான் மண்ணுக் கலரு."

தறிக்கு ஊடை நூல் சுற்றிக் கொடுக்கிற வெள்ளத்தாய் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதையும் கேட்டு வைத்தால்தான் மனசு ஆறும்.

"இந்தக் கலர்ல கட்டுப் போட்டா ரத்தம் கசிஞ்சாக்கூடத் தெரியாதே மொதலாளி?"

"அதுவும் ஒரு வசதிதாம்மா" என்று சிரித்தார் சமுத்திரம்.

மைதீன் பிச்சை கணக்கில்லாமல் காலை விடுகிற ஆள் இல்லை. சமுத்திரத்தைத் தனியே கூட்டிப் போய்க் கேட்டார். "இம்புட்டையும் நெய்ஞ்சு அடுக்கி வச்ச பொறவு யுத்தம் வராமப் போச்சுன்னா?"

"வராமப் போகுமா? யோசிச்சுப் பாருங்க பாய். லட்சக்கணக்குல பட்டாளத்தக் கொண்டாந்து சவுதியில எறக்கிக்கிட்டே இருக்கான். பீரங்கி செஞ்சவன், பூட்ஸ் தச்சவன், ரொட்டி சப்ளை எடுத்தவன், அம்புட்டுப் பேரும் மொதலைப் போட்டுட்டு உக்காந்திருக்கான். போட்ட மொதலு சும்மா திரும்பிப் போக விடுவானா? ஒரு நாட்டோட நிக்காது. மூணாவது உலக யுத்தமாக்கூட ஆவும். அப்படி ஆனா நீங்க பன்னெண்டு தறி இல்ல, நூறு தறி போடலாம்."

யுத்தம் தொடங்கினால் கம்பெனி லாரி வரும், தொடங்காவிட்டால் வராது. இதுதான் பேச்சு. மண் நிறத்துக் கட்டை உள்ளூர் ஆஸ்பத்திரியில் சீந்துவார் கிடையாது. அது தெரிந்தேதான் மைதீன் பிச்சை இறங்கினார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்களே, அந்தப் புத்தி நல்லவர்களையும் ஒரு நாள் தொட்டுப் பார்க்கும்.

நூல் வாங்கத் தங்கையின் இருபது பவுனை அடகு வைத்தார். தங்கை அசீனா ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷன் அசன் முகம்மது சவுதியில் தமாம் ஊரில் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனிக்கு லாரி ஓட்டிச் சேர்த்த நகை அது. எதற்கு என்று அசீனா கேட்டபோது, "தொழிலுக்குத்தாம்மா" என்றார் அண்ணன். அவள் மறுபேச்சுப் பேசாமல் கழற்றிக் கொடுத்தாள். தமாமுக்கும் குவைத்துக்கும் ஒரு பகல் பயணம்கூட இல்லை என்பது மைதீன் பிச்சைக்குத் தெரியாதது இல்லை. தெரிந்ததை நினைக்காமல் இருந்துகொண்டார், அவ்வளவுதான்.

டிசம்பர் முடியும்போது குடோன் கூரையை முட்டி நின்றது சரக்கு. சமாதானம் வந்தால் குடோனும் போச்சு, தறியும் போச்சு, தங்கை நகையும் போச்சு. இப்போது சொல்லுங்கள், இட்லி எப்படி இறங்கும்?

மறுநாள் வியாழக்கிழமை காலை ஜெனீவாப் பேச்சு முறிந்துவிட்டதாக ரேடியோ சொன்னது. மைதீன் பிச்சைக்கு நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கிவிட்டது. தறியில் நின்ற எல்லாருக்கும் டீயும் வடையும் வாங்கிவரச் சொன்னார். மார்கழிக் குளிருக்கு டீ கசக்குமா? எல்லாரும் தறியை நிறுத்திவிட்டு வந்தார்கள். வெள்ளத்தாய் மட்டும் கிளாசைக் கையில் வாங்கிக்கொண்டு முதலாளியின் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன மொதலாளி, மொகமெல்லாம் சிரிப்பா இருக்கு? தங்கச்சி மாப்பிள்ளை ஊருக்கு வந்துட்டாவளா?"

மைதீன் பிச்சைக்குச் சுருக்கென்றது. "இல்ல. சும்மாதான்."

"வந்துட்டாவன்னு நெனச்சேன். சண்டை வாரது நிச்சயம்னு டீக்கடையில பேசிக்கிடுதாங்க. உங்க தங்கச்சி அங்க என்ன பாடு படுதோ. ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்க மொதலாளி."

"ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான் போறேன்" என்றார். அது பொய் இல்லை. ஆனால் அசீனாவைப் பார்க்கப் போகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள தர்காவில் நெய்ச்சோறு வைத்துப் பாத்திஹா ஓதுவதாக நேர்ந்திருந்தார். என்ன நேர்ந்தார் என்பதை வீட்டில் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

சாயங்காலம் நெய்ச்சோற்று வட்டாப் பாத்திரத்தைத் துணியால் மூடி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கினார். வியாழக்கிழமை என்பதால் தர்காவில் நல்ல கூட்டம். ஊதுவத்திப் புகைக்கு நடுவே பெண்கள் பக்கம் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தவள் திரும்பினாள். அசீனா!

"அண்ணே! நீயுமா வந்திருக்க?" அவள் கண் கலங்கிவிட்டது. "அவியளுக்காகத்தான் வந்தியா? எனக்குத் தெரியும்ணே. நீ இருக்கையில எனக்கு என்ன கொறை?"

மைதீன் பிச்சை வட்டாவைக் கீழே வைக்கிற சாக்கில் குனிந்துகொண்டார். "மாப்பிள்ளைகிட்டேருந்து கடுதாசி எதுவும் வந்துச்சா?"

"நேத்து வந்துச்சு. அவிய கம்பெனிக்காரன் பட்டாளத்துக்குத் தண்ணி லாரி ஓட்ட காண்ட்ராக்ட் எடுத்திருக்கானாம். தன் பெண்டாட்டி பிள்ளைகளை எல்லாம் ஜித்தாவுக்கு அனுப்பிட்டு, டிரைவர்மாரு பாஸ்போர்ட்ட மட்டும் பீரோவுல வச்சுப் பூட்டிக்கிட்டானாம். ஊருக்குப் போறேன்னு கேட்டதுக்கு, இத்தனை லாரி வாங்கிப் போட்டிருக்கேன், சண்டை வந்தாத்தான் எனக்கு லாபம், இப்பப் போறேங்கியேன்னு ஏசுனானாம்." அசீனா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அவனும் ஒரு மனுசனாண்ணே? அவன் வீட்டுல சோறுதான் திங்காங்களா?"

வட்டாவை எடுத்துக்கொண்டு பேசாமல் திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தார் மைதீன் பிச்சை. நேர்ச்சையைப் பாதியில் தூக்கிக்கொண்டு போனால் ஊர் என்ன சொல்லும்?

அதற்குள் பாத்திஹா ஓதுகிற லெப்பை வந்து உட்கார்ந்துவிட்டார். அந்தத் தர்காவில் ஒரு வழக்கம் உண்டு. நேர்ச்சை கொண்டுவந்தவர்கள் தங்கள் நாட்டம் என்ன, அதாவது என்ன வேண்டி வந்தார்கள் என்பதை லெப்பையிடம் சொல்ல வேண்டும். அவர் அதைச் சத்தமாகச் சொல்லி அல்லாவிடம் துஆ கேட்பார். கூடியிருக்கிற அத்தனை பேரும், முன்பின் தெரியாதவர்கள்கூட, அப்படியே ஆகட்டும் என்று ஆமீன் சொல்வார்கள்.

முதலில் அசீனாவின் சர்க்கரைத் தட்டு.

"என்ன நாட்டம்மா?"

"சண்டை வரக்கூடாது லெப்பை. எம் மச்சான் நல்லபடியா ஊரு வந்து சேரணும்."

லெப்பை கையேந்திக் கேட்டார். "ஆமீன்" என்றது கூட்டம். மைதீன் பிச்சையின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

அடுத்து நெய்ச்சோற்று வட்டா.

"உங்களுக்கு என்ன நாட்டம் பாய்?"

யுத்தம் வரணும் என்று அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? தங்கை வேறு பக்கத்தில் இருக்கிறாள். ஆனால் மனிதனுக்குச் சமயத்தில் நல்ல வார்த்தை கிடைக்காமல் போகாது.

"தொழில்... தொழில் விருத்தியாகணும் லெப்பை."

"யா அல்லா, இவருடைய தொழிலை விருத்தியாக்கித் தருவாயாக" என்றார் லெப்பை.

"ஆமீன்!" என்றது கூட்டம். எல்லாருடைய குரலுக்கும் மேலே ஒரு குரல் கேட்டது. அசீனாவின் குரல். அண்ணனுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் ஏந்தி, நெஞ்சார "ஆமீன், ஆமீன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதை அவரால் தாங்க முடியவில்லை. கூடப் பிறந்த தங்கையை, தன் புருஷன் தலையில் குண்டு விழட்டும் என்று தன் வாயாலேயே கேட்க வைத்துவிட்டோமே என்று அவருக்கு உறைத்தது.

"நிப்பாட்டுங்க லெப்பை!" என்றார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. "அசீனா, ஆமீன் சொல்லாதட்டி. நான் கேட்டது வேற."

"என்னண்ணே செய்யுது? மேலுக்கு முடியலையா?"

"உன் நகைய வச்சு நூல் வாங்கி, பட்டாளத்துக் கட்டுத்துணி நெய்ஞ்சு குடோன் நெறைய அடுக்கி வச்சிருக்கேன். யுத்தம் வந்தாத்தான் அது விக்கும். இன்னைக்குக் காலையில பேச்சு முறிஞ்சுதுன்னு கேட்டு, தறியில எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தேன். யுத்தம் வரணும்னுதான் இந்தச் சோத்தக் கொண்டாந்தேன்."

அசீனா எழுந்து அண்ணனுக்கு எதிரே வந்து நின்றாள். அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை.

"ஏன்ணே, எம் மச்சான் செத்தா உனக்கு ஒரு சுருளு எம்புட்டுக்குப் போவும்?"

மைதீன் பிச்சை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. தங்கையிடம் பேசத் துணிவில்லாமல் லெப்பையைப் பார்த்துத்தான் பேசினார்.

"லெப்பை, அந்த நாட்டம் வேண்டாம். வேற ஓதுங்க. என் குடோன்ல இருக்க சரக்குல ஒரு சுருளுகூட விக்கக் கூடாது. எனக்கு நட்டம் வரணும். தறிய வித்து இவ நகைய மீட்டுக் குடுத்துக்கிடுதேன்."

லெப்பை திகைத்துப் போனார். "இருவது வருசமா இங்க ஓதுதேன் பாய். நட்டம் வரணும்னு ஒருத்தரும் கேட்டதில்லையே!"

"அதனாலதான் லெப்பை யுத்தம் வருது" என்றார் மைதீன் பிச்சை. கண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை. "யுத்தம் வேணும்னு உலகத்துல ஒருத்தனாவது வாயத் தொறந்து கேக்கானா? பீரங்கி செய்யிறவன் தொழில் விருத்தியாகணும்னுதான் கேக்கான். தண்ணி லாரிக்காரனும் அதைத்தான் கேக்கான். பன்னெண்டு தறிக்காரன் நானும் அதைத்தான் கேட்டேன். சாவுல மொதலப் போட்டவன் அத்தனை பேரும் சேந்து கேட்டா, உலக யுத்தம் வராம என்ன செய்யும்? நல்ல வார்த்தையாத்தான இருக்குன்னு நீங்களும் ஆமீன் சொல்லிருதீய. இனிமே எவனாவது தொழில் விருத்தின்னு வந்து நின்னா, அது யாரு செத்தா விருத்தியாவும்னு கேட்டுட்டு ஆமீன் சொல்லுங்க."

லெப்பை மெல்லக் கையேந்தினார். "யா அல்லா, இவருடைய சரக்கு விலை போகாமல் இருப்பதாக" என்றார்.

"ஆமீன்" என்றது கூட்டம். மைதீன் பிச்சை தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். எல்லாரும் சொல்லி முடித்த பிறகுதான் அசீனா சொன்னாள்.