அந்தோணியார் விளக்கும் காம்பஸ் முள்ளும்

டெரிக்கை வேலையிலிருந்து நீக்கிக் கடிதம் எழுதும்படி செல்லக்கனி அம்மா என்னிடம் சொன்னது தை பிறந்த அடுத்த வாரம், புதன்கிழமை காலை. டெரிக் அம்மாவின் விசைப்படகுக்கு டிரைவர். பதினொரு வருடமாகச் சுக்கான் பிடிக்கிறவர். காசிமேட்டில் அம்மாவின் அலுவலகத்தில் கடிதம் எழுதுகிற வேலை எனக்கு.

"எழுதுட்டி ராமசெல்வி. காசிமேட்டுக்கு வர வேண்டிய படகை மூணு தடவை நெட்டுக்குப்பத்துல கொண்டு நிப்பாட்டிட்டான். மூணு தடவையும் ஏலம் முடிஞ்சப்புறம்தான் மீன் வந்துச்சு."

"காரணம் என்று என்ன போடட்டும்மா?"

"அங்க அவனுக்கு ஒரு பொம்பள இருக்கா. அதப் போடு."

"சாட்சி யார்?"

"படகுதான் சாட்சி. வழி தெரிஞ்ச மாடு கணக்கா தன்னால போவுதுல்லா."

தேதி இல்லாமல் குற்றம் எழுதினால் அந்தக் கடிதம் நிற்காது. படகு போய் வரும் நேரம் குறிக்கிற நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாக எழுதினேன். டிசம்பர் 12, ஜி.பி.எஸ். கருவி பழுது, கடைக்குக் கொடுக்கப்பட்டது. அதன்பின் காம்பஸை மட்டும் நம்பித்தான் படகு போனது. டிசம்பர் 15, 21 ஆகிய இரண்டு நாளும் நேராகக் காசிமேடு. டிசம்பர் 29, ஜனவரி 6, ஜனவரி 20, மூன்று நாளும் நெட்டுக்குப்பம்.

எழுதி முடித்ததும் பேனாவை மூடி வைத்தேன். பார்வை கெட்டோ குடித்துவிட்டோ வழி தப்புகிறவர் ஒரு நாள் திருவொற்றியூர், ஒரு நாள் மெரினா என்று கரை சேர வேண்டும். இவர் ஒரே இடத்துக்குத் தப்புகிறார். அம்மா சொல்கிற காரணமாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். டெரிக்கைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நான் இன்னாக்கா பண்ணேன்? காம்பஸ் மேற்க காட்சு, மேற்க வந்தேன். முப்பது மைலும் கோடு போட்டா மாறி வந்தேன். பனி வேற, கரை ஒண்ணும் தெர்ல. கிட்ட வந்து பாத்தா எதுத்தாப்ல நெட்டுக்குப்பத்து கரண்டு கம்பெனி புகைக்கூண்டு நிக்குது. கரைல நின்னுகினு கீறவன்லாம் 'இன்னா மாமு, டெய்லி மாமியாரு வூட்டுக்கு வர்றியா'ன்றான்."

"போனில் மேப் பார்க்கக் கூடாதா?"

"நடுக்கடல்ல டவர் ஏது? மேப்பு வெள்ளத் தாளு மாறி கீது."

"காம்பஸ்?"

"அத்த எலக்ட்ரீசியன் திருமலை ரெண்டு தபா பாத்துட்டாரு. ஆர்பர்ல கரீட்டா காட்டுது. அதான் ஓனரம்மா என்னிய சந்தேகப்படுது."

டிசம்பர் 21க்கும் 29க்கும் நடுவில் படகில் புதிதாக என்ன வந்தது என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"அந்தோணியார் வெளக்கு ஒண்ணு மாட்னாங்க. அத்தெல்லாம் கணக்கா?"

கடைக்குக் கொடுத்த ஜி.பி.எஸ். கருவி கடையிலேயே தொலைந்துபோயிற்று. தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அந்தோணியார் என்பதால், டிசம்பர் 23, செவ்வாய்க்கிழமை, சுக்கான் அறையில் அவர் படத்தை வைத்து, சாமிக்கு மங்கலாக எரியக் கூடாது என்று கார் ஹெட்லைட் பல்பு ஒன்றை அம்மா மாட்டச் சொல்லியிருந்தார். நடுக்கடலில் வலையை ஏற்றிப் படகைக் கரையை நோக்கித் திருப்பியதும் விளக்கைப் போட வேண்டும், காசிமேட்டில் கயிறு கட்டிய பிறகே அணைக்க வேண்டும் என்பது நேர்ச்சை.

அந்தப் புதன்கிழமையே பதினொரு மணிக்குப் படகில் ஏறினோம். அம்மாவும் வந்தார். படகு மேற்குப் பார்த்துக் கட்டியிருந்தது. பேட்டரி இடது ஓரம், படம் வலது ஓரம். நடுவில், காம்பஸ் இருக்கிற பலகைக்கு அடியிலேயே ஒரு சிவப்புக் கம்பி குறுக்கே ஓடியது. பல்பின் இன்னொரு முனையை இரும்புச் சட்டத்தில் முடுக்கியிருந்தார்கள். கரண்டு அதன் வழியாகச் சுற்றிக்கொண்டு பேட்டரிக்குத் திரும்பும்.

"விளக்கைப் போடுங்க," என்றேன்.

டெரிக் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டினார். முள் நகர்ந்தது. பதின்மூன்று டிகிரி போய் நின்றது. அணைத்தார், பழைய இடத்துக்கு வந்தது. மறுபடி போட்டார்; மறுபடி பதின்மூன்று. திருமலை ஆர்பரில் பார்த்த இரண்டு தடவையும் விளக்கு அணைந்திருந்தது.

விளாத்திகுளம் பள்ளியில் பத்தாம் வகுப்பில் இந்தச் சோதனை உண்டு. எங்கள் சார் காம்பஸையும் கம்பியையும் மேசையில் வைத்தார். பேட்டரி செத்துப்போயிருந்ததால் முள் நகர்வதைச் சாக்பீஸால் பலகையில் வரைந்து காட்டினார். மின்னோட்டம் செல்லும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும் என்று பரீட்சையில் எழுதி ஐந்து மார்க் வாங்கினேன். முள் நகர்வதைக் கண்ணால் பார்த்தது இந்தப் படகில்தான்.

தாளில் போட்டுப் பார்த்தேன். முப்பது மைல் தூரத்துக்குப் பதின்மூன்று டிகிரி தப்பினால் கரையில் ஏழு மைல். காசிமேட்டிலிருந்து வடக்கே ஏழு மைல் நெட்டுக்குப்பம்.

"அந்தோணியார் முள்ளத் தள்ளுதாருன்னு சொல்லுதியா?" என்றார் அம்மா.

"அவர் இல்லைம்மா. கம்பியில் ஓடுகிற கரண்டு. அது ஓடுகிறவரைக்கும் கம்பியே ஒரு காந்தம்."

"வெளக்க அணைக்க முடியாது. படத்த நகட்டவும் முடியாது, சாமியார் வந்து மந்திரிச்ச எடம். நீ கடிதத்த எழுது."

டெரிக் செருப்பைத் தேடினார்.

"இவர் போய் வேறு டிரைவர் வந்தாலும் நெட்டுக்குப்பம்தான் போவார்ம்மா," என்றேன். "அவருக்கும் அங்கே ஒரு பொம்பளை இருப்பதாக எழுத வேண்டி வரும்."

அம்மா யோசித்தார். நான் திருமலையைக் கூப்பிட்டேன். திரும்பி வருகிற கரண்டை இரும்பில் விடாமல் அதற்கும் ஒரு கம்பி போட்டு, போகிற கம்பியோடு சேர்த்து முறுக்கிவிட்டால், ஒன்று ஒரு பக்கம் தள்ள, மற்றது எதிர்ப்பக்கம் தள்ளும். முள் நடுவில் சும்மா இருக்கும் என்று சொன்னேன்.

"சட பின்ற மாறியா?" என்றார் திருமலை.

"ரெட்டைப் பிரிச் சடை."

அரை மணி நேரத்தில் முறுக்கிவிட்டார். டெரிக் விளக்கைப் போட்டார். அந்தோணியார் முகம் வெளிச்சமானது. முள் அசையவில்லை. அம்மா குனிந்து நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நெட்டுக்குப்பத்துல பொம்பள இல்லியா?"

"இல்லைம்மா."

அம்மாவுக்கு அது முழுத் திருப்தி தரவில்லை என்று தோன்றியது. ஆனாலும் நான் பாதி எழுதியிருந்த கடிதத்தை வாங்கிக் கிழித்தார்.

27ஆம் தேதி விடியற்காலை ஐந்து நாற்பதுக்குப் படகு காசிமேட்டில் நின்றது. ஏலத்துக்கு முதல் கூடை எங்களுடையது. டெரிக் நேராக அலுவலகத்துக்கு வந்தார்.

"அக்கா, நடந்தத ஒரு லெட்டரா எழுதிக் குடு. ஓனரம்மா கையெழுத்து, சீலு ரெண்டும் வோணும். வூட்ல காட்டணும். ஒரு மாசமா சோறு போட்டுட்டு அந்தாண்ட திரும்பிக்குது."

எழுதினேன். தேதி, டிகிரி, மைல், கம்பியின் படம், எல்லாம் வைத்து ஒரு முழுப் பக்கம். அம்மா கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அதே தாள் திரும்பி வந்தது. பின்பக்கத்தில் அவர் மனைவி ஜெனி பென்சிலால் எழுதியிருந்தார்: 'படித்தேன். விளக்கு மாட்டினது டிசம்பர் 23 என்று போட்டிருக்கிறீர்கள். போன ஆடியில் இவர் ரெண்டு நாள் நெட்டுக்குப்பத்தில் இருந்தார். அப்போது கரண்டு எந்தக் கம்பியில் ஓடியது என்று தெரிவிக்கவும்.'

டெரிக் மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். நோட்டை எடுத்து ஆடி மாதத்தைப் புரட்டினேன். அந்த இரண்டு நாளும் படகு காசிமேட்டில்தான் கட்டியிருந்தது. அதை மட்டும் பதிலாக எழுதி, கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்பினேன்.